கண்ணை மூடினால் வரும் சாமி

பழைய லோரி வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்ப்பார்கள். நான் துண்டை விரித்து லோரிக்கு அடியில் படுத்துவிடுவேன். விற்கிறவன் மேலே நின்று என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன். பெயிண்ட் பொய் சொல்லும், சேஸி சொல்லாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவன், ரப்பர் பால் வாளி சுமந்தவரின் மகன், கோலசிலாங்கூர் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கு முதலாளி ஆனது இப்படித்தான். நான் யாரையும் எளிதில் நம்பியதில்லை. அதைக் குறை என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

அதனால் எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோவிலில் என் மனைவிமேல் சாமி வந்தபோது, கோவிலில் இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள், நான் நம்பவில்லை.

நாங்கள் அப்போது தோட்டத்தை விட்டு வெளியே வந்து சாலையோரமாகச் சொந்த வீடு கட்டியிருந்தோம். பலகை வீடு இல்லை, கல் வீடு. ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் தோட்டத்துக் கோவிலுக்குத்தான் போவோம். அன்று பூசாரி கற்பூரத் தட்டைத் தூக்கினார். உறுமி அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் செய்கிறபடி அவளும் பாதங்களை ஒட்டி வைத்து, கைகளைத் தலைக்கு மேல் குவித்து, கண்ணை மூடினாள். மூடிய உடனே ஆட ஆரம்பித்தாள். முதலில் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும். பிறகு மொத்த உடம்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்னால் நின்ற பெண்கள்மேல் விழுந்தாள்.

"ஆத்தா வந்துட்டா," என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், உறுமிக்காரன் வேகத்தைக் கூட்டிவிட்டான்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அந்தத் தோட்டத்தில் மண்டோர். வேலைக்காரர்களை மேய்க்கிற வேலை. கோவில் தலைவரும் அவர்தான். வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு தங்கை முன்னால் போய் நின்றார்.

"ஆத்தா, என்னா கொறை? வாயத் தொறந்து சொல்லு."

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. என்னை விடுங்க, எந்திரிக்கணும்."

மச்சான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கோவமா இருக்கா. தீமிதிய நிறுத்துனதுல இருந்தே கோவமாத்தான் இருக்கா."

இங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது. இளசுகள் எல்லாம் ரவாங் பக்கம் பேக்டரிக்குப் போன பிறகு அந்தக் கோவிலில் தீமிதி நின்று போயிருந்தது. அதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று மச்சான் கோவில் கூட்டத்தில் பேசாத நாள் கிடையாது. இப்போது தலைவரின் தங்கை, லோரி முதலாளியின் மனைவி, அவள்மேலேயே ஆத்தா வந்து கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அருள் வந்ததே இல்லை. அருள் வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து முந்தானைக்குள் சிரிக்கிறவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எத்தன நாளா ரெண்டு பேரும் பேசி வச்சீங்க?"

"என்னாத்த?"

"இந்தக் கூத்தத்தான்."

அவள் சமையல்கட்டுக்குப் போனாள். போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள். நான் அதையும் நடிப்பு என்றே கணக்கில் வைத்தேன்.

மறுவாரம் இன்னொன்று நடந்தது. கடைக்குப் போய்விட்டு வந்தவளின் ஒரு காலில்தான் ஜப்பான் சிலிப்பர் இருந்தது. மற்றது வெறுங்கால். செம்மண் முழுக்க அப்பியிருந்தது. அப்படியே படியேறி உள்ளே வருகிறாள்.

"இன்னொரு சிலிப்பர் எங்க?"

குனிந்து பார்த்தாள். அவளும் அப்போதுதான் பார்க்கிறாள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். "தெரியல. வழியில கழண்டிருக்கும்."

"காலுல இருந்து சிலிப்பர் கழண்டா தெரியாதா? கல்லு குத்தாதா?"

"தெரியலங்க."

நான் விடுகிற ஆளா? வந்த வழியே தேடிக்கொண்டு போனேன். கிடைத்தது. எங்கே தெரியுமா? தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில், மச்சான் வீட்டு வாசலுக்கு நேரே. கோர்ட்டாக இருந்தால் அதுவே சாட்சி. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறாள். கடைக்குப் போகும் வழி அந்த லயத்தை ஒட்டித்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சந்தேகப்படுகிறவன் வழியைப் பார்ப்பதில்லை, வாசலைத்தான் பார்ப்பான்.

அன்றிலிருந்து ஒரு பழைய இஞ்சினைக் கவனிக்கிற மாதிரி அவளைக் கவனித்தேன். நடக்கும்போது முன்னால் பார்க்காமல் தன் பாதத்தையே பார்த்து நடந்தாள். தேத்தண்ணீர்க் கோப்பையை என்னிடம் நீட்டும்போது கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கூப்பிட்டுத் தலையைத் திருப்பினால் கோப்பை கீழே கிடக்கும். சாயங்காலம் இருட்டிவிட்டால் விளக்குப் போடாமல் ஓர் அடி வைக்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவள் அவள். விடியாத இருட்டில், நெற்றி விளக்கு அணைந்தாலும் பட்டையில் கத்தி வழுக்காது என்று பேர் வாங்கியவள். அந்தக் கையில் இன்று கோப்பை நிற்கவில்லை. ஊரில் சிலர் அவள் சம்சுச் சாராயம் குடிக்கிறாள் என்றும் பேசினார்கள். வாயை மோந்து பார்த்தேன். இல்லை.

மச்சான் சும்மா இருக்கவில்லை. ஆடி மாதத்தில் தீமிதி என்று முடிவு செய்துவிட்டார். ஆத்தா யார்மேல் வந்து கேட்டாளோ அவளே முதலில் இறங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கோவிலில் வைத்து அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினார். கட்டும்போது குழியில் நடக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எறங்குனா கீழ பாக்கக் கூடாது. கண்ணு எதிர்ல ஆத்தா மொகத்துல இருக்கணும். நெருப்பப் பாத்தா நெருப்பு சுடும். ஆத்தாவப் பாத்தா பூ."

அவள் தலையாட்டினாள். நான் அவளைத்தான் பார்த்தேன். உண்மையாகவே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நடிக்கிறவள் இவ்வளவு தூரம் போவாளா என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு என் சந்தேகத்தின் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது.

அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வேலை செய்தேன். எங்கள் குளிக்கும் அறை வீட்டுக்குப் பின்னால் தகரத்தில் அடித்தது. தகரத்தில் ஆணி ஓட்டைகள் உண்டு. ஆடுகிறவர்களுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் இல்லாத இடத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க, ஒரு மத்தியானம் வாழை மரத்தை ஒட்டி நின்றுகொண்டேன். அவள் ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். எல்லாம் சரியாக இருந்தது. முகத்துக்குச் சோப்புப் போட இரண்டு கையையும் எடுத்தாள். நுரை பட்டுக் கண்ணை மூடினாள். மூடிய உடனே கோவிலில் பார்த்த அதே ஆட்டம். முன்னுக்கும் பின்னுக்கும் போய், தொட்டியில் தோள் இடித்து, சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். வாளி உருண்ட சத்தத்தில் நான் தகரத்தில் முட்டிக்கொண்டேன்.

"யாரு அங்க?"

"நான்தான்."

"அங்க என்னா பண்றீங்க?"

"டயர் பாக்குறேன்."

"டயரு லோரியிலதான இருக்கும். வாழ மரத்துக்கு எப்ப மாட்டுனீங்க?"

அந்த நிலைமையிலும் அவள் வாய் அப்படியேதான் இருந்தது. நான் உள்ளே போய்த் தூக்கி உட்கார வைத்தேன். உறுமி இல்லை, கற்பூரம் இல்லை, அண்ணன் இல்லை. சோப்புக்கு எந்த ஆத்தா வருவாள்? கண் திறந்திருந்தால் நிற்கிறாள், மூடினால் விழுகிறாள். நடிப்பும் இல்லை, சாமியும் இல்லை, மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நான்தான். யாரையும் நம்பாதவனுக்குத்தான் அது கண்ணில் படும்.

"உண்மையச் சொல்லு. என்னா செய்யுது உனக்கு?"

அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள். "காலு பஞ்சு மெத்தையில வச்ச மாதிரி இருக்கு. அது கூடப் பரவால்ல. காலு எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்குது. பாத்தா இருக்கு. பாக்காட்டி இல்ல."

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளா. போன வருசம் ஒரு கண்ணு மங்கலா இருந்துச்சே, அதுக்கப்புறம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா?"

நியாயமான கேள்வி. நான் உருண்ட வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

"ஆத்தாதான் என் காலப் புடிச்சு வச்சிருக்கா," என்றாள். "நெருப்புல நடந்து குடுத்தா திருப்பிக் குடுத்துருவா. அண்ணன் சொல்றதுல எனக்கு நம்பிக்க இருக்கு."

கால் இருக்கிற இடம் தெரியாதவள் நெருப்புக் குழியில் இறங்கினால் நடுவில் நிற்பாள், அல்லது விழுவாள். விழுந்தால் காலோடு போகாது.

டவுன் கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் கொடுத்தார்கள். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரை என்று தெரிந்ததும் காரில் ஏற்றி கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கே பார்த்தது ஒரு தமிழ் டாக்டரம்மா. எனக்கு மகள் வயது இருக்கும். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவியைக் கட்டிலில் படுக்க வைத்து, பஞ்சால் தொட்டுப் பார்த்தாள். ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிருதா அம்மா?" என்று கேட்டாள். "வச்சிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள் என் மனைவி.

பிறகு கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல அசைத்தாள்.

"இப்ப விரல் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல."

கீழே இருந்தது.

"இப்ப?"

"கீழ."

மேலே இருந்தது. அப்புறம் ஒன்று சரியாகச் சொன்னாள், அடுத்தது தப்பு. எனக்கு இது திருவிழாவில் மூன்று கோப்பைக்குள் உருண்டையை ஒளிக்கிற சூதாட்டம் மாதிரி பட்டது.

"டாக்டரம்மா, நீங்க ரொம்ப லேசா அசைக்கிறீங்க. இப்படி அசைச்சா யாருக்குத் தெரியும்? எனக்குச் செஞ்சு காட்டுங்க."

அவள் சிரிக்கவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் விரலைப் பிடித்தாள். கண்ணை மூடினேன். அவள் அசைக்கும் முன்பே எனக்குத் தெரிந்தது. மேல், கீழ், கீழ், மேல். ஒன்றுகூடத் தப்பவில்லை. வாழ்க்கையில் நான் எழுதிய பரீட்சைகளில் முழு மதிப்பெண் வாங்கியது அது ஒன்றுதான். ஆனால் கண்ணைத் திறந்து மனைவியின் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்லிக் காட்டத் தோன்றவில்லை.

படுக்க வைத்தார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். அதை எதற்கு எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று நான் நர்சைப் படாத பாடு படுத்தினேன். கடைசியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மல்டிபல் ஸ்கிளிரோசிஸ் என்றாள். நம் ஆட்களுக்கு அதிகம் வருவதில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல நாளானது என்றாள். நான் லோரிக்காரன் என்று தெரிந்ததால் வயரை வைத்து விளக்கினாள். நரம்பு ஒரு வயர் என்றால் அதன் மேலுறை அங்கங்கே உரிந்து போயிருக்கிறது. காலில் பழுது இல்லை. கால் அனுப்புகிற சேதி மேலே போய்ச் சேரவில்லை.

"நம்ம கால் எங்க இருக்குன்னு பாக்காமலே நமக்குத் தெரியும் இல்லையா ஐயா? அது அவங்களுக்குப் போயிருச்சு. இப்ப காலோட வேலைய கண்ணு செய்யுது. கண்ண மூடிட்டா அந்த வேலைய செய்ய ஆள் இல்ல."

"முழுசா சரியாயிருமா?"

"வரும், கொஞ்சம் விலகும், திரும்ப வரும். ஊசி போடுறோம். ஒண்ணு மட்டும் கவனம். சூடு ஆகாது. வெயில், காய்ச்சல், சுடுதண்ணி எது பட்டாலும் அப்போதைக்கு அதிகமாகும்."

சூடு ஆகாது. காப்புக் கட்டிய கையோடு அவள் உள்ளே படுத்திருந்தாள். நான் டாக்டரம்மாவிடம் தீமிதியைப் பற்றிச் சொல்லவில்லை. நம் வீட்டு விவகாரத்தை அந்தப் பிள்ளைக்கு ஏன் சொல்ல வேண்டும்?

ஊசி போட்ட பிறகு கொஞ்சம் தேறினாள். வீட்டுக்கு வந்ததும் மச்சான் வந்தார். தங்கை சுவரைப் பிடிக்காமல் நடப்பதைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மச்சான்? காப்புக் கட்டுன ராசி. ஆத்தா பாதி குடுத்துட்டா. மீதிய குழியில குடுப்பா."

"ஊசி போட்டது ஆத்தாவா?"

"ஊசி யாரு மூலமா வந்துச்சு? எல்லாம் அவ ஏற்பாடுலா."

நான் டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். "மச்சான், நீங்க பெத்த தாயி சோறு போட்டாலும் உப்பு சரியான்னு கேக்குற ஆளு. இப்ப என்னான்னா நேத்துப் படிச்சு வந்த பொண்ணு சொன்னத அப்படியே நம்புறீங்க. ஆத்தாவ நம்ப மாட்டேங்குறீங்க."

சரியான இடத்தில் குத்திவிட்டார். மனைவியும் அவர் பக்கம்தான் நின்றாள். "நேந்துக்கிட்டேன். எறங்காம இருக்க முடியாது," என்றாள். பேச்சில் ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லோரியில் என்ன கோளாறு என்று விற்கிறவனோடு வாதாடி என்ன பயன்? அவனையே அடியில் படுக்க வைத்துக் காட்ட வேண்டும்.

தீமிதிக்கு முந்திய வாரம், ஒரு மத்தியானம். வேலை முடிந்து மச்சான் வந்திருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"என்னா பண்றீங்க?" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா செஞ்சத உங்கண்ணனுக்குக் காட்டப் போறேன். கண்ண மூடு."

மூடினாள். மூடியதும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பாதத்தைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்தேன். கல்யாணத்தன்று அம்மிமேல் வைக்க இந்தக் காலைப் பிடித்தேன். மெட்டி போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இந்தப் பாதத்தைக் கையில் எடுத்ததில்லை. மேலயா கீழயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது வேலைக்கு ஆகாது, மச்சான் அதையும் சூதாட்டம் என்பார் என்று பட்டது. மெட்டியைப் பார்த்தேன். மெல்லத் திருகினேன். வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து மச்சானிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறக்கப் போனவரைக் கையால் அடக்கினேன்.

"மெட்டி இருக்கா?" என்று அவளைக் கேட்டேன்.

"இருக்கு."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"அது இல்லாம எங்க போகும்? இருக்கு. இறுக்கமா இருக்கு."

"கண்ணத் தொற."

திறந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலை. வெறும் விரலில் மெட்டி இருந்த தடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னா மச்சான் இது," என்றார் மச்சான். "சொமங்கலி காலுல இருந்து கழட்டுறீங்களே. நான் செத்தா போயிட்டேன் கேக்க ஆளில்லாம?"

"புருசன் உசுரோட இருக்கேன், நான்தான கழட்டுனேன். உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சிச்சான்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. அவள்தான் பேசினாள். "எப்ப கழட்டுனீங்க?"

"நீ இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடியே."

நெடுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னபோதும், பஞ்சால் தொட்டபோதும், சிலிப்பர் போனபோதும் வராத ஒரு பயம் அப்போது அவள் முகத்தில் வந்தது. எந்தப் பெண்ணுக்கும் மெட்டி கழன்றால் தெரியாமல் போகாது. தூக்கத்தில்கூடத் தெரியும் என்பார்கள்.

"போடுங்க," என்றாள்.

போட்டேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, எறங்குனா கீழ பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. ஆத்தா மொகத்த மட்டும்தான் பாக்கணும்."

"ஆத்தா மொகத்தப் பாத்தா என் காலு இல்லாமப் போயிருது. காலப் பாத்தா ஆத்தா இல்ல. நான் எப்படி நடக்குறது?"

மச்சான் பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர், "காப்ப அவுக்க வேண்டாம். குழிய சுத்தி வந்துரு. பொம்பளைங்க அப்படிச் செய்யறது உண்டுதான்," என்றார். உண்டோ இல்லையோ, அன்று அவர் வாயிலிருந்து வந்ததால் அது கோவில் சட்டம் ஆகிவிட்டது.

தீமிதி நன்றாகவே நடந்தது. அதற்கான விறகை ஏற்றி வந்தது என் லோரிதான் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். வேறு ஆட்கள் இறங்கினார்கள். அவள் தீயின் சூடு எட்டாத தூரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு குழியைச் சுற்றி வந்தாள். முழுக்கக் காலைப் பார்த்தே நடந்தாள். அம்மன் எதிரே வந்ததும் நின்று தலையைத் தூக்கினாள். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அவள் மூடவில்லை. இன்றுவரை எந்தக் கோவிலிலும் மூடுவதில்லை. சாமியை முறைத்துப் பார்க்கிறாள் என்று பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

கும்பிட்டுக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "மெட்டி இருக்கா பாருங்க."

தோட்டமே கூடியிருக்கிறது. என் டிரைவர்கள் எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். நான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவள் காலடியில் குனிந்து பார்த்தேன்.

"இருக்கு."

"நெசமாவா?"

"இருக்குன்னு சொல்றேன்லா."

அவள் நம்பவில்லை. என் தோளில் கையை ஊன்றி, தானே குனிந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.